மொடல் டீசல் ரயில் எஞ்சினின்ர பொடி வளையுது, பிளக்குது, பெயின்ற் பாலாகுது: பிழை எங்க எண்டு பிடிக்கிற வழி

வீட்டில வெட்டி ஒட்டிச் செய்த மொடல் ரயில் எஞ்சினின்ர பொடி, அதாவது மேல்கூடு, வளைஞ்சு போச்சு, என்ன செய்யிறது எண்டு கேக்கிற ஆக்களிட்ட நான் முதல்ல திருப்பிக் கேக்கிறது ஒண்டுதான். எப்ப வளைஞ்சது? ஒட்டின அண்டைக்கா, பெயின்ற் அடிச்ச பிறகா, இல்லாட்டி நாலு மாசம் அலுமாரிக்கு மேல சும்மா இருந்த பிறகா? இந்த மூண்டும் வெளியில பாக்க ஒரே வளைவுதான், ஆனா மூண்டுக்கும் காரணம் வேற, வைத்தியமும் வேற. காரணம் தெரியாம பட்டி பூசி மறைச்சால் அடுத்த சித்திரை வெயிலுக்கு அதே இடத்தில திரும்ப வந்து நிக்கும்.

நான் செய்யிறது எம்2. கொழும்புத் திட்டத்தில கனடா குடுத்த எஞ்சின், 1954ல இருந்து இலங்கையில ஓடுது, ஜெனரல் மோட்டர்ஸின்ர ஜி12 மொடல், 1425 குதிரைவலு, ஒன்ராறியோ அல்பேர்ட்டா எண்டு கனடா மாகாணங்களின்ர பேரைப் பக்கத்தில எழுதி வைச்சிருப்பினம். எங்கட வன்னிப் பக்கத்துக்கு 1990 ஆனியில ரயில் நிண்டது, பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போட்டுது, நாங்கள் வளரேக்க ரயில் எண்டது பெரிய ஆக்களின்ர கதையில மட்டும்தான் ஓடினது. 2013 புரட்டாதி 14 கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் வந்த காலத்திலதான் ஒரு டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில நிண்டு அந்தச் சூட்டை முகத்தில வாங்கினனான். அதுக்குப் பிறகுதான் இந்தப் பைத்தியம் பிடிச்சது.

அளவு 1:24. ஏனெண்டால் நிஜத்தில ஒரு அடி மொடலில அரை இஞ்சி, தச்சு ரேப்பை வைச்சே அளக்கலாம், கல்குலேற்றர் தேவையில்லை. எங்கட அகலப் பாதை 5 அடி 6 இஞ்சி, அதாவது 1676 மிமீ, 1:24ல அது 2¾ இஞ்சி வரும். வெளிநாட்டுப் பெரிய மொடல் ஆக்கள் பாவிக்கிற 45 மிமீ தண்டவாளத்தில ஓட விடப் போறனெண்டால் எங்கட பாதைக்கு 1:37 கிட்டத்தான் சரியான அளவு, 1:32ல செய்தால் 52 மிமீ வரும், எந்த ரெடிமேட் தண்டவாளத்திலயும் இருக்காது. இதை முதலே யோசிச்சு முடிவெடுங்கோ, பொடி முடிஞ்ச பிறகு மாத்தேலாது.

சாமான் எல்லாம் இங்க கிடைக்கிறதுதான். போட் எழுதுற கடையில பிவிசி ஃபோம் போட் 3 மிமீ, 5 மிமீ, ஹாட்வெயாரில பிவிசி பைப்பும் பைப் ஒட்டுற கம்மும், சூப்பர் குளூ, அரால்டைட், ரிங்கரிங் (வாகனப் பொடி திருத்துற) கடையில கார் பட்டி, பிரைமர், தின்னர். வெளிநாட்டுக்காரர் சொல்ற ஸ்ரைரீன் பிளாஸ்ரிக் ஷீற்றைத் தேடி அலையத் தேவையில்லை, ஆனா பிவிசிக்கு அதின்ர குணம் இருக்கு, அந்தக் குணம் தெரியாததாலதான் முக்கால்வாசிப் பிழையும் வருது.

பக்கச் சுவர் வாழைப்பழம் மாதிரி வளையுது

ஒட்டின அண்டைக்கே, இல்லாட்டி அடுத்த நாளே வளைஞ்சால், போட் முதலே வளைஞ்சு இருந்திருக்கு, இல்லாட்டி ஒட்டேக்க இழுத்துப் பிடிச்சு ஒட்டியிருக்கிறியள். கடையில போட்டைச் சுவரோட சாய்ச்சு நிப்பாட்டி வைச்சிருப்பினம், அது அந்த வளைவை ஞாபகம் வைச்சிருக்கும். வாங்கின உடன வெட்டாம ஒரு கிழமை நல்ல மட்டமான நிலத்தில, மேல பாரம் வைச்சு விடுங்கோ. வெட்டின பிறகு அலுமினியம் மட்டக்கோலை நிமித்தி வைச்சு லைற்றுக்கு எதிராப் பாருங்கோ, கீழால வெளிச்சம் தெரிஞ்சால் அந்தத் துண்டை நீளச் சுவருக்குப் பாவிக்காதேங்கோ, உள்ள குறுக்குச் சட்டத்துக்குப் பாவிக்கலாம்.

பெயின்ற் அடிச்ச பிறகு வளைஞ்சால் ஒரு பக்கம் மட்டும் அடிச்சிருப்பியள். உள்ளுக்கு ஆர் பாக்கப் போகினம் எண்டு விடுறது. பிரைமரும் பெயின்ற்றும் காயேக்க சுருங்கும், சுருங்கிற பக்கத்துக்குச் சுவரை இழுக்கும். உள்பக்கமும் அதே அளவு பிரைமர் அடிச்சால் ரெண்டு பக்க இழுவையும் ஒண்டையொண்டு பிடிக்கும். லேசான வளைவெண்டால் இப்ப அடிச்சும் பாக்கலாம், திரும்பி வரும். மட்டையிலயும் எம்டிஎஃப் எண்ட மரநார்ப் பலகையிலயும் செய்யிற ஆக்களுக்கு இது இன்னும் மோசமா வரும், அது மாரியில ஈரமும் இழுக்கும்.

மாசக்கணக்கு கழிச்சு வளையிறதுதான் கெட்டது, அதைக் கொஞ்சம் விபரமாச் சொல்லோணும்.

என்ர முதல் பொடியில 3 மிமீ போட் ரெண்டை முகத்தோட முகம் ஒட்டி 6 மிமீ சுவராக்கினனான், பலமா இருக்கும் எண்டு. பைப் கம்மை முழு முகத்திலயும் பூசி அமத்தினது. நல்லா இருந்தது, நேரா இருந்தது, பட்டி போட்டு பிரைமரும் அடிச்சாச்சு. நாலு மாசத்தால பாத்தால் ரெண்டு பக்கச் சுவரும் நடுவில உள்ளுக்கு வாங்கி நிக்குது, மட்டக்கோலுக்குக் கீழ ரெண்டு ரூபாய்க் காசு போகுது. என்ன நடந்தது எண்டு விளங்காம உள்பக்கத்தால 2 மிமீ ட்ரில் பிற்றால ஒரு ஓட்டை போட்டனான், பிற் வெளிய வந்த உடன கம் மணம் குப்பெண்டு அடிச்சது. நாலு மாசத்துக்குப் பிறகும் அந்தக் கம் உள்ளுக்கு ஈரமா இருந்திருக்கு. பைப் கம் வெறும் பசை இல்லை, அது பிவிசியைக் கரைச்சு ஒண்டாக்கிற திரவம், அந்தத் திரவம் ஆவியாப் போறதுக்கு வழி வேணும். ரெண்டு பலகைக்கு நடுவில அடைச்சு விட்டால் அது போட்டுக்குள்ளயே ஊறி, மெதுவா மெதுவா இளக்கி, எந்தப் பக்கம் லேசோ அந்தப் பக்கம் இழுத்துப் போடும்.

செய்யிற வேலை: உள்பக்கத்தில 20 மிமீக்கு ஒண்டா 2 மிமீ ஓட்டைகள் போடுங்கோ, உள்பலகையை மட்டும் துளைக்கோணும், வெளிப்பலகைக்குப் போகக் கூடாது, பிற்றில இன்சுலேசன் ரேப்பைச் சுத்தி ஆழத்தை அடையாளம் வைச்சால் பிசகாது. பிறகு காத்தோட்டமான நிழல்ல ஒரு மாசம் விடுங்கோ, மணம் போகுமட்டும் விடுங்கோ. மணம் போன பிறகுதான் நிமித்திறது. பொடியைக் கண்ணாடியில வைச்சு உள்ளுக்கு மரச் சட்டம் இறுக்கிக் குடுத்து, சுவருக்கு மேல சுடுதண்ணியில நனைச்ச துணியைப் போட்டுப் போட்டு எடுங்கோ. பிவிசி 80 பாகை சுத்தி வரேக்கதான் இளகும், கொதிக்கிற தண்ணியை நேரா ஊத்தினால் முழுக்கச் சுருண்டு போகும், துணி காணும். ஆறுமட்டும் சட்டத்தை எடுக்காதேங்கோ. என்ர பொடி இதால முழுசா நிமிரேல்லை, பாதிக்கு மேல நிமிர்ந்தது, மிச்சத்துக்கு உள்ளுக்கு ரெண்டு குறுக்குச் சட்டம் போட்டுத் தள்ளி நிப்பாட்டினனான்.

திரும்பச் செய்யேக்க முழு முகத்துக்கும் கம் பூசுறதில்லை. உள்பலகையில ஒட்டுறதுக்கு முன்னமே ஓட்டை போட்டு வைச்சிட்டு, விளிம்பிலயும் ஓட்டைகளுக்கு நடுவில வரி வரியாவும்தான் பூசுறது. இன்னொண்டு, ரெண்டு பலகையும் ஒரே தடிப்பில இருக்கோணும், 5 மிமீயில 1 மிமீ ஒட்டினால் அது ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி இழுக்கும்.

ஒரு மூலை நிலத்தில முட்டேல்லை

நல்ல தடிச்ச கண்ணாடித் துண்டொண்டு வேணும், உடைஞ்ச அலுமாரிக் கண்ணாடி காணும். பொடியை அதில வைச்சு நாலு மூலைக்கும் கீழ கடதாசித் துண்டு ஒவ்வொண்டாச் செருகி இழுத்துப் பாருங்கோ. மூண்டு கடதாசி இறுக்கமா நிண்டு ஒண்டு சும்மா வந்தால் பொடி முறுக்கியிருக்கு. சசியில (சில்லு பூட்டுற கீழ்ச்சட்டம்) ஏத்தினால் சரியாகும் எண்டு நினைக்காதேங்கோ, பொடி சசியையும் முறுக்கும், பிறகு எஞ்சின் வளைவில தடம் விட்டு விழும்.

காரணம் எப்பவும் உள் சட்டங்கள்தான். ஒவ்வொரு சட்டத்துக்கும் குறுக்கு மூலை ரெண்டையும் அளவுங்கோ, ரெண்டு அளவும் அரை மிமீக்குள்ள ஒண்டா இருக்கோணும். லொறிக்குப் பொடி அடிக்கிற ஆக்கள் பலகை அடிக்க முன்னம் கயிறு பிடிச்சு மூலைக்கு மூலை பாக்கிறது இதுக்குத்தான். பிழையான சட்டத்தைக் கண்டு பிடிச்சால், அதை ஒரு பக்கச் சுவரில இருந்து மட்டும் ஹக்சோ பிளேட்டால வெட்டி விட்டு, பொடியைக் கண்ணாடியில பாரம் வைச்சு அமத்தி நேராக்கிப் போட்டு, வெட்டின இடைவெளிக்குள்ள அரால்டைட் விடுங்கோ, சூப்பர் குளூ வேண்டாம், அது இடைவெளியை நிரப்பாது. ஒரு இரவு முழுக்க அசைக்காதேங்கோ.

விடிய நல்லா இருக்கு, பின்னேரம் பிளவு தெரியுது

இதை நான் கன நாளா ஒட்டுப் பிழை எண்டு நினைச்சு ஒட்டி ஒட்டி அலைஞ்சனான். ஒட்டில பிழை இல்லை, வெக்கைதான். பிவிசி ஒரு மீற்றருக்கு ஒரு பாகை கூடேக்க 0.07 மிமீ கிட்ட நீளும், இரும்பு 0.012 மிமீதான். 600 மிமீ பொடியை இரும்புச் சசியில ரெண்டு அந்தத்திலயும் இறுக்கி ஸ்குரூ பண்ணி வைச்சிருக்கிறியள் எண்டு வைப்பம், விடியக்காலைக்கும் தகரக் கூரைக்குக் கீழ பின்னேரத்துக்கும் 20 பாகை வித்தியாசம். பொடி 0.84 மிமீ நீளப் பாக்குது, சசி 0.14 தான் விடுது. மிச்ச 0.7 எங்க போறது? சுவரைப் புடைக்கப் பண்ணும், இல்லாட்டி ஆகப் பலவீனமான மூட்டை, அனேகமா கபினும் (ஓட்டுற ஆள் நிக்கிற அறை) ஹூட்டும் (எஞ்சினை மூடின நீளப் பெட்டி) சேருற இடத்தை, பிளக்கும்.

ஒரு அந்தத்தில மட்டும் ஸ்குரூவை இறுக்குங்கோ. மற்ற அந்தத்தில ஓட்டையை நீளப்பாட்டுக்கு 3 மிமீ இழுத்து, வாசர் போட்டு, ஸ்குரூ நிக்கிற அளவுக்கு மட்டும் பிடியுங்கோ. எங்கட வெயிலுக்கு இது கட்டாயம். அடர்ந்த நிறம் அடிச்ச பொடியை ஜன்னலடியில வைக்கவும் வேண்டாம், கண்காட்சிக்குக் கொண்டு போகேக்க பூட்டின வானுக்குள்ள விட்டிட்டுச் சாப்பிடப் போகவும் வேண்டாம்.

மேல் வளைவு உடையுது, இல்லாட்டி வெள்ளைக் கோடு விழுது

ஹூட்டின்ர மேல் விளிம்பு உருண்டு வாறதுதான் இந்த எஞ்சினின்ர முகவெட்டு, அதை வடிவா எடுக்காட்டி மிச்சம் எல்லாம் சரியா இருந்தும் பெட்டி மாதிரித் தெரியும். ஃபோம் போட்டைக் குளிரா வளைச்சால் வெளிப்பக்கம் வெள்ளையாகிப் பிளக்கும், உள்பக்கம் நசிஞ்சு சுருங்கும். உள்பக்கத்தில அரைத் தடிப்புக்கு வரி வரியா வெட்டி வளைச்சால் வளையும், ஆனா வெளியில ஒவ்வொரு வெட்டும் ஒரு தட்டையாத் தெரியும், பட்டியோட கன நேரம் மினக்கெடோணும்.

சுகமான வழி பைப். தேவையான வளைவு அளவுக்குப் பைப்பொண்டை எடுத்து நீளப்பாட்டுக்கு நாலாப் பிளந்தால் மூலை ரெடியா வந்திடும், அதை சுவருக்கும் கூரைத் தட்டுக்கும் நடுவில வைச்சு ஒட்டுறது. பைப்பைப் பிளந்த உடன அது வாயைக் கொஞ்சம் மூடும், இல்லாட்டித் திறக்கும், உள்ளுக்கு இழுவை இருக்கிறதால. அப்ப அதே அளவுப் பைப் இன்னொண்டில கட்டி வைச்சு, கொதிச்சு இறக்கின தண்ணியில தோய்ச்சு, கட்டோட ஆற விடோணும்.

சூடாக்கிறதுக்கு நெருப்பைப் பாவிக்காதேங்கோ. பிவிசி கருகினால் வாற புகையில ஹைட்ரஜன் குளோரைட் இருக்கு, நெஞ்சை அரிக்கும், வீட்டில சின்னப் பிள்ளையள் நிக்கேக்க யோசிக்கவே வேண்டாம். சுடுதண்ணி காணும்.

சூப்பர் குளூ ஒட்டவே மாட்டன் எண்டுது

மெல்லிசான ஷீற் எண்டு ஃபைல் கவரையும் ஐஸ்கிறீம் டப்பாவையும் வெட்டியிருப்பியள். அது பொலிபுரொப்பிலீன், எந்தச் சாதாரண பசையும் பிடிக்காது. ஒரு சின்னத் துண்டை வெட்டித் தண்ணியில போட்டு அமத்திப் பாருங்கோ, மிதந்தால் எறியுங்கோ. தாண்டால் பிவிசியாவோ ஸ்ரைரீனாவோ இருக்கலாம், அடியில முக்கோணத்துக்குள்ள 3 இருந்தால் பிவிசி, 5 எண்டால் அந்த ஒட்டாத சாமான், 6 எண்டால் ஸ்ரைரீன். 6 போட்ட யோகட் கப்பின்ர பக்கத்தை வெட்டி நிமித்தினால் கதவுகளுக்கும் லூவருக்கும் (காத்துப் போற சரிவுத் தகட்டு வரிசை) நல்ல ஷீற். ஃபோம் போட்டுக்கு மட்டும் இந்தத் தண்ணிச் சோதனை சரிவராது, உள்ளுக்குக் காத்து இருக்கிறதால அது பிவிசியா இருந்தும் மிதக்கும்.

கபின் கண்ணாடி பனி பிடிச்ச மாதிரி

சூப்பர் குளூவின்ர ஆவி. கண்ணாடியை எப்பவும் கடைசியா, பெயின்ற் எல்லாம் முடிஞ்ச பிறகு, வெள்ளை மரப்பசையால ஒட்டுங்கோ, பிழைச்சாலும் ஈரத் துணியால துடைக்கலாம். பனி பிடிச்சது லேசெண்டால் பற்பசையைத் துணியில எடுத்துத் தேய்ச்சுப் பாருங்கோ. போகாட்டி மாத்துங்கோ. குளூ ஊத்துப்பட்டால் பஞ்சால துடைக்காதேங்கோ, பஞ்சும் அந்தக் குளூவும் சேர்ந்தால் கையைச் சுடுற அளவுக்குச் சூடாகும்.

மூட்டுக் கோடு பெயின்ற்றுக்கு மேலால திரும்பத் தெரியுது

பட்டி போட்டு, தேய்ச்சு, விரல் நகத்தால இழுத்துப் பாத்து, ஒண்டும் தட்டுப்படேல்லை எண்டு அடிச்சிருப்பியள். ஒரு மாசத்தால மெல்லிசாக் கோடு.

ஒண்டு, பட்டி காய முன்னம் தேய்ச்சது. தடிப்பா ஒரே தரத்தில போட்டால் மேல் காயும், உள்ளுக்குக் காயாது, பிறகு அது சுருங்கிப் பள்ளம் விழும். மெல்லிசா மூண்டு தரம் போடோணும். இரண்டு, மூட்டே அசையுது. பொடியைத் தூக்கி ரெண்டு அந்தத்தையும் லேசா எதிர்ப்பக்கம் திருகிக் காதுக்குக் கிட்டப் பிடியுங்கோ. டிக் எண்டு ஒரு சின்னச் சத்தம் கேட்டால் மூட்டு விட்டிருக்கு, எத்தினை தரம் பட்டி போட்டாலும் நிக்காது. உள்பக்கத்தால மூட்டு நீளத்துக்கு 10 மிமீ அகலத்தில ஒரு நீளத் துண்டு போட் வைச்சு அரால்டைட்டால ஒட்டி, அதுக்குப் பிறகு வெளிக்கோட்டை கத்தி நுனியால வீ மாதிரித் திறந்து, அதுக்குள்ள திரும்ப நிரப்புங்கோ. கோட்டைத் திறக்காம மேலால பூசினால் பட்டி பிடிக்க இடமில்லை.

பெயின்ற்

பால் ஊத்தின மாதிரி வெளிறிக் கிடந்தால் ஈரக்காத்து. தின்னர் கெதியா ஆவியாகேக்க மேற்பரப்பு குளிரும், காத்தில இருக்கிற ஈரம் அதில படியும். ஐப்பசி கார்த்திகையில வன்னியில மழை விட்ட நேரம் பாத்து அடிச்சாலும் இது வரும், மழை விட்டது காணாது, காத்துக் காயோணும். ரிங்கரிங் கடையில மெதுவாக் காயிற தின்னர் கேட்டு வாங்கி அதை மட்டும் மெல்லிசா மேலால ஒருக்கா அடிச்சால் அனேகமாத் தெளியும்.

மணல் தடவின மாதிரி சொரசொரப்பா இருந்தால் அதுக்கு எதிர்மாறு. ஆடி ஆவணியில சோளகம் அடிக்கிற மத்தியானத்தில பெயின்ற் போய்ச் சேர முன்னமே காத்தில காய்ஞ்சு தூளா விழும், அதோட கிறவல் றோட்டுப் புழுதியும் சேரும். விடிய ஏழு மணிக்குள்ள, காத்து எழும்ப முன்னம், நிலத்துக்குத் தண்ணி தெளிச்சுப் போட்டு, கொஞ்சம் கிட்டவா நிண்டு அடியுங்கோ.

சுருக்கம் விழுந்து கிழவியின்ர தோல் மாதிரி வந்தால் எனாமலுக்கு மேல தின்னர் கூடின பெயின்ற் அடிச்சிருக்கு, கீழ் பூச்சை அது தூக்கி விட்டிட்டுது. இதுக்கு வைத்தியம் இல்லை, உரிச்சுப் போட்டுத் திரும்ப அடிக்கோணும். சின்ன வட்டம் வட்டமா பெயின்ற் ஒதுங்கினால் எண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைச்ச கையால பொடியைத் தூக்கினால் காணும் அதுக்கு. பாத்திரம் கழுவுற சோப்பால கழுவுங்கோ, ஆனா கடைசித் தண்ணி கிணத்துத் தண்ணியா இருக்க வேண்டாம், எங்கட தண்ணி கல்லுத் தண்ணி, காய்ஞ்சால் வெள்ளைப் புள்ளி விட்டிட்டுப் போகும், அந்தப் புள்ளி பெயின்ற்றுக்குக் கீழ தெரியும். மழைத்தண்ணி பிடிச்சு வைச்சிருந்தால் அது திறம்.

எல்லாம் சரி, ஆனா அந்த எஞ்சின் மாதிரி இல்லை

இதுதான் ஆக மனசைக் குடையிற பிழை, ஏனெண்டால் எந்த இடத்திலயும் ஒட்டும் பிசகேல்லை, பெயின்ற்றும் பிசகேல்லை.

என்ர ரெண்டாவது பொடிக்கு பிரைமர் அடிச்சு விறாந்தையில வைச்சிருக்கேக்க பெரியப்பா வந்தவர். அவர் எழுபதுகளில மாங்குளத்தில ஏறி கொழும்புக்குப் போய் வந்து வேலை செய்த மனுசன். கையைப் பின்னால கட்டிக்கொண்டு குனிஞ்சு கன நேரம் பாத்தார்.

"தம்பி, இவன் ஏன் இப்பிடி முழிக்கிறான்?"

"விளங்கேல்லை பெரியப்பா."

"கண் பெரிசாப் போச்சடா. அவன் கொஞ்சம் அரைக்கண்ணால பாக்கிறமாதிரித்தான் வருவான், மழைக்குள்ள வாற ஆள் மாதிரி."

அவர் போன பிறகு ரேப்பை எடுத்து அளந்தன். முன் ஜன்னல் 1.5 மிமீ உயரம் கூட. 1:24ல அது நிஜத்தில 36 மிமீ, ரெண்டு விரல் அகலம், அவ்வளவுதான், அதை நாப்பது வருசத்துக்கு முன்னம் பாத்த கண் பிடிச்சிட்டுது. நான் போட்டோவில ஜன்னல் றப்பரின்ர வெளிக்கோட்டை அளந்திட்டு அதையே ஓட்டையா வெட்டியிருக்கிறன்.

ஆகவே முகம் சரியில்லை எண்டால் முதல்ல ஜன்னல்களை அளவுங்கோ, பிறகு ஜன்னலுக்கு மேல கூரை வரைக்கும் இருக்கிற நெத்தியை, பிறகு ஹூட் கபினைவிட எவ்வளவு தாழ்வு எண்டதை. இந்த மூண்டிலயும்தான் முகம் இருக்கு. பொடியைப் போட்டோ எடுத்து, உண்மை எஞ்சின் போட்டோவோட ஒரே அளவாக்கிப் பக்கத்தில வைச்சுப் பாத்தால் நேர பாக்கேக்க தெரியாதது தெரியும், தலைகீழாத் திருப்பிப் பாத்தால் இன்னும் வடிவாத் தெரியும்.

அளவு எடுக்கிற போட்டோவும் பிழைக்கும். கிட்ட நிண்டு எடுத்தால் கிட்ட இருக்கிற அந்தம் ஊதித் தெரியும். தூரப்போய் நிண்டு சூம் பண்ணி, எஞ்சினின்ர நடுவுக்கு நேரா எடுக்கோணும். ஸ்ரேசன் மாஸ்ரரிட்ட முதலே கேட்டு, ஒரு மீற்றர் தடியில 10 சென்ரிமீற்றருக்கு ஒருக்கா கறுப்பு வெள்ளை அடிச்சு அதை எஞ்சினோட ஒட்டினமாதிரி நிப்பாட்டி எடுத்தால் பிறகு எல்லா அளவையும் அந்தத் தடியில இருந்து எடுக்கலாம். கேக்காமத் தண்டவாளத்துக்கு இறங்காதேங்கோ.

படம் வேற நாட்டில இருந்து எடுத்தால் இன்னொரு பொறி இருக்கு. ஜி12 உலகத்தில கன நாட்டில ஓடினது. நியூசிலாந்தின்ர டிஏ எஞ்சினும் ஜி12தான், ஆனா அங்க பாதை 1067 மிமீ, எங்கட பாதையை விட 609 மிமீ ஒடுக்கம். பொடியின்ர சாயல் ஒண்டா இருக்கும், பொடிக்கும் போகிக்கும் (அச்சும் சில்லும் பூட்டின கீழ் வண்டி) உள்ள பொருத்தம் ஒண்டா இருக்காது. ரெண்டுக்கும் ஒரு போகியில மூண்டு அச்சு, அதில நடு அச்சுக்கு மோட்டர் இல்லை, ஆனா பாதை அகலம் வேற. வெளிநாட்டுப் படத்தை அப்பிடியே பெருப்பிச்சு வெட்டினால் அந்த எஞ்சின்தான் வரும், எங்கட எஞ்சின் வராது.

தடிப்பும் முகத்தைக் கெடுக்கும். 3 மிமீ போட்டில வெட்டின ஜன்னலின்ர விளிம்பு 1:24ல 72 மிமீ தடிப்பான தகரம் மாதிரி, கோட்டைச் சுவர் ஜன்னல் போலத் தெரியும். ஓட்டையை எல்லாப் பக்கமும் 2 மிமீ பெரிசா வெட்டி, சரியான அளவு ஜன்னலை மெல்லிய ஷீற்றில வெட்டி வெளியால ஒட்டுங்கோ. பார்க்கிற ஆளுக்கு முழுப் பொடியுமே தகரம் எண்டு தோணும்.

ரிவெட் வரிசை கோணல், லூவர் பல்லுப் பல்லா

சோடாக் கானின்ர அலுமினியத்தை வெட்டி, சொப்பிங் பாக்கை நாலா மடிச்சு அதுக்கு மேல வைச்சு, மை முடிஞ்ச போல்பொயின்ற் பேனாவால பின்பக்கத்தால அமத்தினால் நல்ல ரிவெட் தலை வரும். கோணலாகிறது கையால இடைவெளி பாக்கிறதாலதான். ஹக்சோ பிளேட்டின்ர பல்லைத் தகரத்துக்குப் பக்கத்தில வைச்சு, பல்லுக்கு ஒண்டோ ரெண்டு பல்லுக்கு ஒண்டோ அமத்திக்கொண்டு போங்கோ, இடைவெளி பிசகாது. கானின்ர பூச்சை ரெண்டு பக்கமும் சாண்ட் பேப்பரால எடுத்துப் போட்டுத்தான் அரால்டைட்டில ஒட்டோணும், இல்லாட்டி வெயிலுக்குக் கழண்டு வரும்.

லூவருக்கு ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியா ஒட்டி நேராக்கப் பாக்காதேங்கோ. ரெண்டு பக்கமும் சரிவா வெட்டுப் போட்ட சின்ன மரச் சட்டமொண்டை முதல் செய்து, தகடுகளை அதில செருகி, பின்பக்கத்தால ஒரே தரத்தில குளூ விட்டு, சட்டத்தோட எடுத்து ஓட்டைக்குள்ள வைக்கிறது. ஒரு சட்டம் செய்ய ஒரு பின்னேரம் போகும், ஆனா ஹூட்டில இருக்கிற எல்லா லூவரும் அதே சட்டத்திலதான் வரும், அதால எல்லாம் ஒரே சரிவில நிக்கும்.

கைபிடிக் கம்பி தொட்டால் கழருது

சுவருக்கு மேல ஒட்டினால் கழரத்தான் செய்யும். 1 மிமீ ஓட்டை போட்டு, கம்பியை 8 மிமீ உள்ளுக்கு விட்டு, உள்பக்கத்தில வளைச்சு மடக்கி அரால்டைட் வையுங்கோ. ஃபோம் போட்டுக்குள்ள ஓட்டை நாளடைவில தளரும், அதுக்கு ஓட்டை போட முன்னமே அந்த இடத்தில உள்பக்கம் பைப் துண்டொண்டை நிமித்தி ஒட்டி விட்டால் கம்பி அதில கடிச்சுப் பிடிக்கும்.